பந்தி மேசையில் ஒரு நெல்மணி

போன வாரம் செஞ்சியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். பந்தியில் இடம் பிடித்து உட்கார்ந்து, மகளின் பட்டுப்பாவாடை மேல் சாம்பார் சிந்தாதபடி கைக்குட்டையை விரித்துவிட்டு, தண்ணீர் பாட்டிலின் மூடியை இரண்டாம் முறையாகத் திருகிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேசையில் விரிக்கும் காகிதச் சுருள் இன்னும் எங்கள் பக்கம் வரவில்லை. பழைய மரமேசை அது. இரண்டு பலகைகள் சேருகிற இடத்தில் நகம் நுழையும் அளவுக்கு ஒரு சந்து. அந்தச் சந்தில் ஒரு நெல்மணி செங்குத்தாக நின்றுகொண்டிருந்தது. எத்தனை முறை துடைத்த மேசையோ, எண்ணெயும் ரசமும் ஊறி அதன் உமி கறுத்துப்போயிருந்தது. ஆனாலும் நெல்தான்.

கல்யாண மண்டபத்தில் நெல் எப்படி வந்தது என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டால், நிறைநாழியிலிருந்து சிந்தியிருக்கும் என்று சொல்லியிருப்பார். அது அப்படி வந்த நெல் அல்ல என்று எனக்குத் தெரியும். சிங்கவரத்திலிருந்து டவுன் பஸ்ஸில் ஏறி, ஒரு பெண்ணின் மடியில் உட்கார்ந்து வந்த நெல் அது. அதைக் கொண்டுவந்த என் நாத்தனார் அன்றைக்கு இன்னும் வந்து சேரவில்லை. சீயமங்கலத்திலிருந்து பஸ் ஏறிவிட்டதாகப் போனில் சொல்லியிருந்தார். நான் வாசலைப் பார்ப்பதும் நெல்லைப் பார்ப்பதுமாக இருந்தேன்.

நாத்தனார் என் கணவரின் அக்கா. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். எனக்குக் கல்யாணமாகி நான் சிங்கவரம் வந்தபோது அவரும் அங்கேதான் இருந்தார். அவர் வீட்டுக்காரர் வளைகுடாவில் ஒரு துறைமுகக் கிடங்கில் கோதுமை மூட்டை அடுக்கும் வேலைக்குப் போனதிலிருந்து அப்பா வீட்டோடு வந்துவிட்டார். என் கணவருக்குச் சென்னையில் கம்பெனி வேலை, சனிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை போவார். ஆகவே வீட்டில் மாமனார், அண்ணி, நான், என் கைக்குழந்தை என்று நான்கு பேர். அண்ணி முகூர்த்த நாட்களில் இந்த மண்டபத்தில் பந்தி பரிமாறும் பெண்களுக்குத் தலைவி மாதிரி. அங்கே கத்திக் கத்தி அவர் குரலே பந்திக் குரல் ஆகிவிட்டது. வீட்டில் உப்பு கேட்டால்கூட மூன்று வரிசை தாண்டிக் கேட்கும். நான் பி.காம். படித்தவள் என்பதால் என்னை டிகிரி என்றுதான் கூப்பிடுவார். அதில் கேலி எவ்வளவு, பிரியம் எவ்வளவு என்று முதல் ஒரு வருடம் நான் ராத்திரியெல்லாம் யோசித்திருக்கிறேன்.

நான் எதையும் இரண்டு முறை யோசிக்கிறவள். குழந்தை பிறந்த பிறகு அது நான்கு முறை ஆகிவிட்டது. குளிக்க வைத்த தண்ணீர் சூடோ, போட்ட சட்டை இறுக்கமோ, அழுவது பசியா வலியா என்று ஓயாமல் எதையாவது சந்தேகப்பட்டுக்கொண்டே இருப்பேன். இதற்கு நடுவில்தான் கடலுக்கு அப்பால் சண்டை மூண்டது. அண்ணியின் வீட்டுக்காரர் இருக்கும் பக்கம்தான். அவர் வேலை பார்த்த ஊரில் குண்டு விழவில்லை, ஆனால் கப்பல் வராமல் கிடங்கு பாதி காலியாகக் கிடப்பதாகச் சொன்னார். கப்பல் போகும் வழி அடைபட்டதும் இங்கே பெட்ரோல் பங்க்குகளில் கயிறு கட்டினார்கள். டீசல் முதலில் பஸ்ஸுக்கும் ஆம்புலன்ஸுக்கும், மற்றவர்களுக்கு மிச்சம் இருந்தால். போனைத் திறந்தாலே அது கிடைக்காது, இது கிடைக்காது என்று செய்திகள். நான் பால்மாவு டப்பாக்களை வாங்கிப் பீரோவில் புடவைகளுக்குப் பின்னால் அடுக்கிவைத்தேன். அண்ணி புடவை எடுக்கப் போய் அதைப் பார்த்துவிட்டு, "இன்னா டிகிரி, சண்டை பீரோ வரைக்கும் வந்துடுச்சா?" என்று கேட்டார்.

ஆனால் அந்தச் சண்டை நிஜமாகவே எங்கள் வீட்டுக்குள் வந்தது, வேறு வழியில். அண்ணி அந்த வருடம்தான் முதல்முறையாகத் தன் பேரில் ஒரு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். நிலத்துக்காரர் செஞ்சி டவுனில் இருப்பவர். பெண்பிள்ளை பேரில் குத்தகையா என்று இழுத்தார். கடைசியில், "சரி, ஒரு போகம் பாக்கலாம். என் பங்கு நெல்லு காஞ்சு சுத்தமா வந்து சேரணும். வரலன்னா அடுத்த நாத்து வேற ஆளு விடுவான்" என்று சொன்னார். தெருவில் சிலர் சிரித்தார்கள். பந்தியில் சோறு போடறவளுக்கு நெல்லு எந்தப் பக்கம் முளைக்கும்னு தெரியுமா என்று ஒருவர் கேட்டது அண்ணியின் காதுக்கு வந்தது. அவர் சித்திரையில் சொர்ணவாரிப் பட்டத்தில் நட்டு, களை எடுத்து, கரண்ட் வந்த நேரமெல்லாம் ஓடி ஓடித் தண்ணீர் பாய்ச்சி, ஆடியில் அறுவடைக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். அறுவடை மிஷின் கடைசியாக வந்தது அவர் வயலுக்குத்தான். அதோடு மிஷினின் டேங்க் காலி. அது வரப்போரமாக நின்றுவிட்டது.

நெல் சிங்கவரம் களத்தில் குவிந்து கிடந்தது. வழக்கமாக டிராக்டரில் ஏற்றினால் அரை மணியில் டவுனில் நெல் ஏலம் போடும் கமிட்டியில் போய் இறங்கிவிடும். இப்போது கமிட்டியிலிருந்து மூட்டைகளை எடுத்துப்போக லாரி வராததால் அங்கே ஒரு சாக்கு வைக்கக்கூட இடமில்லாமல் கேட்டை மூடியிருந்தார்கள். ஊரில் எல்லார் வீட்டிலும் முந்திக்கொண்டு அறுத்தவர்களின் மூட்டைகள் கட்டிலுக்கு அடியில், கட்டிலுக்கு மேல், சாமி அறையில் வரைக்கும் நிறைந்திருந்தன. எங்கள் வீட்டில் மாமனாரின் வயல் நெல்லே கூரை முட்ட நின்றது. அண்ணியின் நெல்லுக்கு மட்டும் மேலே வானம், கீழே பழைய படுதா. ஆடி மாதம் பகலெல்லாம் நெருப்பாய்க் காயும். சாயங்காலம் ராஜகிரி மலைக்குப் பின்னாலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் இடி இறங்கும். ஒரு மழை பிடித்துவிட்டால் நெல் முளைக்கும், நிறம் மாறும், வாடை வரும். பிறகு நிலத்துக்காரர் அதைத் தொட்டுக்கூடப் பார்க்க மாட்டார்.

மண்டபம் என்ற யோசனை அண்ணிக்குத்தான் வந்தது. ஆடியில் யாரும் கல்யாணம் வைப்பதில்லை. அவ்வளவு பெரிய பந்திக்கூடம் பூட்டிக் கிடக்கும். அவர் என்னையும் அழைத்துக்கொண்டு கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருக்கும் மண்டபத்து முதலாளியிடம் போனார். முதலாளி வெல்லம் நிறுத்துக்கொண்டே கேட்டார். பிறகு ஒரே மூச்சில் சொன்னார்: "நெல்லு வந்தா எலி வரும். எலி வந்தா மெத்தையக் கடிக்கும். மெத்தை போச்சுன்னா மாப்ளை வீட்டுக்காரன் என்னைக் கடிப்பான்."

"எலிக்கு நான் பதில் சொல்றேன் முதலாளி. மாப்ளை வீட்டுக்காரனுக்கும் நானே பதில் சொல்றேன். எத்தனை பேரைப் பந்தியில சமாளிச்சிருக்கேன்" என்றார் அண்ணி.

முதலாளி யோசித்துச் சாவியை எடுத்தார். "வாடகைலாம் வேணாம். ஆவணி மொத முகூர்த்தத்துக்கு முன்னாடி காலி ஆவணும். அதுக்கப்புறம் ஒரு நெல்லு என் கண்ணுல பட்டுச்சு, அடுத்த கல்யாணத்துல பந்திக்கு வேற ஆளு. ஒரே ஒரு நெல்லு."

சாவி கிடைத்துவிட்டது, நெல்லைக் கொண்டுபோக வண்டி கிடைக்கவில்லை. டிராக்டர்காரர் டேங்கைத் திறந்து காட்டிவிட்டார். மொபெட் வைத்திருந்தவர்கள் பெட்ரோலுக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். சைக்கிளில் ஒரு மூட்டை ஏற்றிப் பார்த்தோம், சிங்கவரம் எல்லை தாண்டுவதற்குள் பின்சக்கரம் வெடித்தது. அன்று மதியம் களத்தில் நெல்லைத் துழாவிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு அக்கா கிண்டலாகச் சொன்னார்: "கோட்டையிலதான் அம்மாம்பெரிய களஞ்சியம் சும்மா கெடக்குதே. சண்டைன்னா ராஜாங்க அங்கதானே நெல்லு கொட்டுனாங்க. நீயும் போய்க் கொட்டேன்."

"கொட்டலாம். உள்ள போறதுக்கே டிக்கெட் கேக்கறான். பஸ்ஸுன்னாலாவது நமக்கு டிக்கெட்டே இல்ல" என்று அண்ணி சிரித்தார். சிரித்தவர் பாதியில் நிறுத்தினார். துழாவிக்கொண்டிருந்த கால் அப்படியே நெல்லுக்குள் நின்றது. "பஸ்ஸுல நமக்கு டிக்கெட்டே இல்லியே" என்று இன்னொரு முறை, மெதுவாகச் சொன்னார்.

பெண்களுக்கு டிக்கெட் இல்லாத டவுன் பஸ் சிங்கவரத்துக்கு வந்துகொண்டுதான் இருந்தது. நடை குறைந்திருந்தாலும் நிற்கவில்லை. மூட்டையாக ஏற்றினால் இறக்கிவிடுவார்கள். கையில் பிடிக்கிற பையாக இருந்தால்? எந்த வீட்டில்தான் கட்டைப் பை இல்லை. தீபாவளிக்கும் கல்யாணத்துக்கும் துணிக்கடையில் கொடுத்த பைகள் எல்லார் வீட்டுக் கதவுக்குப் பின்னாலும் ஒன்றுக்குள் ஒன்றாக மடித்துத் தொங்குகின்றன. அண்ணி வீடு வீடாகப் போனார். நாற்று நடவுக்கும் களையெடுப்புக்கும் அவர் எந்த வீட்டுக்குக் கூலி வாங்காமல் கைமாற்றாகப் போயிருந்தாரோ அந்த வீடுகளுக்கெல்லாம் போனார். மறுநாள் ஆடி வெள்ளி. காலையில் ஒன்பது மணி பஸ்ஸுக்குத் தெருப் பெண்கள் ஆளுக்கு இரண்டு கட்டைப் பையோடு நிறுத்தத்தில் நின்றார்கள். பைகளில் சிரிக்கும் மணப்பெண்கள், பட்டு விளம்பரங்கள், உள்ளே நெல். அண்ணி மட்டும் மண்டபத்தைத் திறந்துவைக்க விடிகாலை பஸ்ஸிலேயே போய்விட்டு, எங்களைக் கூட்டிப்போக அந்த ஒன்பது மணி பஸ்ஸில் திரும்பி வந்திருந்தார்.

நான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரே ஒரு பையோடு நின்றேன். கூட்டத்தில் குழந்தைக்கு ஏதாவது ஒட்டிக்கொள்ளுமோ, வீட்டில் மாமனாரிடம் விட்டால் அழுமோ, வராமலே இருந்தால் தெரு என்ன சொல்லும் என்று இரவெல்லாம் மாற்றி மாற்றி யோசித்துவிட்டு, கடைசியில் யோசிப்பதை விடப் போவது சுலபம் என்று வந்திருந்தேன்.

கண்டக்டர் இளவயதுக்காரர். எங்களைப் பார்த்ததும் படியிலேயே மறித்தார். "இன்னாம்மா இது, ஊரே துணிக்கடைக்குப் போவுது? போறப்பவே பை ரொம்பியிருக்குது?"

"பழசு குடுத்தா புதுசு தராங்களாம் தம்பி" என்றார் அண்ணி.

அவர் ஒரு பையைத் தூக்கிப் பார்த்தார். "துணி இன்னா கல்லாட்டம் கனக்குது?"

"காஞ்சிபுரம் பட்டு. ஜரிகை கனம்."

அவர் பையின் வாயை விலக்கிப் பார்த்துவிட்டு அண்ணியை நிமிர்ந்து பார்த்தார். "யம்மா, இது பஸ்ஸு. லாரி கிடையாது."

"லாரி ஓடுனா உன் பஸ்ஸுக்கு ஏன்டாப்பா வரப்போறோம்? சாயங்காலம் மழை பிடிச்சுடுச்சுன்னா என் நெல்லு அங்கியே முளைச்சுடும். வழியில வைக்க மாட்டோம். காலடியில வச்சுக்கறோம், மடியில வச்சுக்கறோம். ஒருத்தர் மேல இடிச்சா என்னைக் கேளு."

டிரைவர் கண்ணாடியில் பார்த்து ஹாரன் அடித்தார். கண்டக்டர் தலையைச் சொறிந்தார். "ஆளுக்கு ரெண்டு பை. கையில புடிக்கிற அளவு. மூணாவது பை பாத்தேன், லக்கேஜ் போட்டுடுவேன், சொல்லிட்டேன்." வரிசையில் கடைசியாக ஏறிய என்னைப் பார்த்து, "இவங்களுக்கு இன்னா, ஒண்ணுதானா?" என்று கேட்டார்.

"இன்னொரு பை இடுப்புல இருக்குது பாரு" என்றார் அண்ணி. பஸ் முழுக்கச் சிரித்தது. என் மகள் எதற்கென்று தெரியாமலே தானும் சிரித்தாள்.

பஸ் ஸ்டாண்டுக்கு முந்திய நிறுத்தத்தில் இறங்கி, சாலையைக் கடந்து மண்டபத்துக்குள் நுழைந்தோம். அங்கே நான் பார்த்ததை இன்றைக்கும் அப்படியே சொல்ல முடியும். அண்ணி விடிகாலையில் வந்து பந்திக்கூடம் முழுவதையும் கழுவிவிட்டிருந்தார். வாசற்படிக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தார். நடுக்கூடத்தில் தேர்க்கோலம், அரிசி மாவில். மேசைகளை மூன்று ஓரங்களிலும் சுவரோடு சாய்த்துவைத்திருந்தார், நடுவில் கண்ணாடி மாதிரி மின்னும் சிவப்புத் தரை. அடுத்த கல்யாணத்துக்கு முன் தரையைக் கழுவாமல் ஒரு இலையும் விரிக்கவிடாதவர் அவர். ஆடி வெள்ளியில் முதல் விளைச்சல் ஒரு கட்டடத்துக்குள் நுழைகிறது என்றால் எந்த வீட்டுப் பெண்ணும் அதைத்தான் செய்திருப்பாள். உடன் வந்தவர்கள் செருப்பை வெளியிலேயே விட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

பக்கத்து வீட்டு அக்கா முதல் பையைக் கோலத்தின் நடுவில் கொட்டினார். எல்லாரும் குலவையிட்டார்கள். எனக்கு மட்டும் உள்ளங்காலில் குளிர்ந்தது. குனிந்து தரையைத் தொட்டேன். கை ஈரம். கழுவி இரண்டு மணி நேரம் ஆகியும் அந்த மூடிக்கிடந்த கூடத்தில் தரை உலரவில்லை. சொல்லலாமா, நல்ல நேரத்தில் அபசகுனமாகப் பேசுகிறாள் என்பார்களோ, ஒருவேளை எனக்குத்தான் கை வியர்த்திருக்கிறதோ? குழந்தையின் தொட்டிலுக்கடியில் தரையைத் தொட்டுப் பார்ப்பது மாதிரி மறுபடியும் தொட்டேன். "அண்ணி, தரை ஈரமா இருக்குதே" என்றேன். அவர் குரலுக்கு முன்னால் என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை கத்திச் சொன்னேன்.

"ஏ டிகிரி, மகாலட்சுமி வர்ற எடத்தக் கழுவாம உடுவாங்களா?" என்று திரும்பினார். நான் குவியலின் அடியில் கைவிட்டு ஒரு பிடி எடுத்து நீட்டினேன். கோலமாவு பசை மாதிரி ஒட்டிக்கொண்டு, நெல் ஈரமாக என் விரல்களில் அப்பியிருந்தது. அண்ணி அதைப் பார்த்தார். அவ்வளவு நேரம் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தவர் முகம் வெளிறிப்போனது. களத்தில் மழைக்குப் பயந்து இவ்வளவு தூரம் தூக்கி வந்து, தானே தண்ணீரில் கொண்டு வைத்துவிட்டார். இது உலரும்வரை காத்திருந்தால் இன்றைய பகல் போய்விடும். அண்ணி சுவரோரம் சரிந்து உட்கார்ந்துவிட்டார்.

அப்படி உட்கார்ந்திருந்தவர் போனை எடுத்தார். வீட்டுக்காரர் அனுப்பும் படங்களைச் சலிக்கச் சலிக்கப் பார்ப்பது அவர் வழக்கம். ஒரு படத்தைப் பெரிதாக்கினார். கிடங்கில் கோதுமை மூட்டைகளுக்கு முன்னால் அவர் வீட்டுக்காரர் நிற்கும் படம். "டிகிரி, இங்க வா. அவரு காலுக்கு அந்தாண்ட இன்னா தெரியுது?" மூட்டைகள் தரையில் இல்லை. ஒரு முழ அளவு உயரத்தில் மரப்பலகைகள் மேல் நின்றன. "இத்தனை நாளு அவரு மெலிஞ்சிட்டாரேன்னு மூஞ்சியவே பாத்துட்டு இருந்தேன். காலடியப் பாக்கலியே." எழுந்து புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, பந்திக்கூடத்தின் மூன்று ஓரங்களிலும் சாய்த்துவைத்திருந்த மேசைகளைப் பார்த்தார். நாங்களும் பார்த்தோம். 

இரும்புக் கால்களை மடக்கிச் செங்கல்மேல் வைத்ததும் மேசைகள் மேடையாகிவிட்டன. சுவருக்கும் மேடைக்கும் நடுவில் காற்றுப் போக வழி விட்டோம். ஈரமான நெல்லைத் தனியாக எடுத்து மாடியில் வெயிலில் பரப்பினோம். பைகளில் வந்ததைச் சாக்கில் கொட்டி, வாயைத் தளரக் கட்டி, மேசைகளின் மேல் அடுக்கினோம். அண்ணி மூட்டைகளை வரிசை மாற்றி வைக்கச் சொல்லிப் பந்திக் குரலில் விரட்டினார்: "அந்த வரிசைல ஒரு எடம் காலியா இருக்குது, அங்க உக்கார வை! நெருக்கி உக்காராத, நெருக்கி உக்காந்தா புழுங்கும்!" இலை போட்டு வந்தவர்களை உட்காரவைக்கிற மாதிரியே அவர் மூட்டைகளை உட்காரவைத்தார். நான் மூட்டைக்கு மூட்டை உள்ளே கைவிட்டுச் சூடு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு வந்தேன். அன்றிலிருந்து அது என் வேலை ஆனது. "பயப்படறதுக்கும் ஒரு ஆளு வேணுமில்ல" என்றார் அண்ணி. அந்த ஒரு வார்த்தைக்காக நான் அத்தனை மூட்டையையும் இன்னொரு சுற்று தொட்டுப் பார்த்தேன்.

அன்று பஸ் வந்த நேரமெல்லாம் நெல் ஏறியது. மறுநாள் சனிக்கிழமை. அதற்குள் கண்டக்டர் பழகிவிட்டிருந்தார். விசில் கொடுக்கும் முன் "ஜரிகை ஏறிடுச்சா?" என்று கேட்பார். களத்தில் குவியல் தேய்ந்துகொண்டே வந்தது. மதியத்துக்கு மேல் கடைசிக் குவியல் மட்டும் பாக்கி. பஸ் வரவில்லை. டீசலுக்கு நிற்கிறதாகச் சொன்னார்கள். ராஜகிரி மலையின் உச்சி மறைந்தது. பிறகு பாதி மலை மறைந்தது. நான் போனில் மழை வருமா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். "அத ஏன் போன்ல பாக்கற, தலையத் தூக்கிப் பாரு" என்றார் அண்ணி, ஆனால் அவர் குரலில் கேலி இல்லை. மாமனார் படுதாவின் ஒரு முனையைக் காலால் மிதித்துக்கொண்டு நின்றார். "நைனா, கல்லு எடுத்து வை, காத்து வருது" என்று அண்ணி கத்தினார்.

எல்லாப் பையிலும் நெல்லை நிரப்பி நிறுத்தத்தில் வைத்துவிட்டோம். அப்போதுதான் கணக்கு உதைத்தது. பைகள் அதிகம், கைகள் குறைவு. சில பெண்கள் மாடு பிடித்துக் கட்டவும் பிள்ளைகளைப் பார்க்கவும் வீட்டுக்குப் போயிருந்தார்கள். பஸ் வளைவில் திரும்பியபோது முதல் தூறல் என் கன்னத்தில் விழுந்தது. அதுதான் அன்றைக்குக் கடைசி பஸ் என்று கண்டக்டர் இறங்கும்போதே சொல்லிவிட்டார். பைகளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "ஆளுக்கு ரெண்டு" என்றார். சொல்ல அவருக்கே பிடிக்கவில்லை. மூன்று நாளைக்கு முன் இன்னொரு தடத்தில் மூட்டை ஏற்றியதற்கு ஒருவருக்கு மெமோ கொடுத்திருக்கிறார்களாம்.

பஸ்ஸுக்குள் அடுத்த ஊர்களிலிருந்து வரும் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். சந்தைக்குப் போகிறவர்கள், கோயிலுக்குக் கூழ் ஊற்றிவிட்டுத் திரும்புகிறவர்கள். எங்களுக்குத் தெரியாதவர்கள். ஜன்னல் ஓரம் இருந்த ஓர் அம்மா இரண்டு கைகளையும் வெளியே நீட்டினார். "இன்னா பாத்துக்கினு நிக்கறீங்க? இங்க குடுங்கடி." அதற்குப் பின்னால் இருந்த ஜன்னலிலிருந்தும் கைகள் நீண்டன. அடுத்த ஜன்னலிலிருந்தும். அந்தப் பக்கம் முழுக்க வளையல் போட்ட கைகள். பைகள் ஒவ்வொன்றாக ஜன்னல் வழியே உள்ளே போய் மடியில் உட்கார்ந்தன. கண்டக்டர் உள்ளே ஏறி, முன்சீட்டில் இருந்தவரைக் கேட்டார். "யார் பைம்மா இது?"

"என் பைதான்."

"உள்ள இன்னா?"

"நெல்லு. எங்க ஊட்டு நெல்லு. நான் எடுத்துக்கினு போறேன், உனக்கு இன்னா?"

அவர் திரும்பி நின்று சிரிப்பை விழுங்கினார். "எல்லாருக்கும் ரெண்டுதானே? அப்ப சரி."

தரையில் இன்னும் இரண்டு பைகள் இருந்தன. நான் மட்டும் வெறுங்கையோடு, இடுப்பில் குழந்தையோடு நின்றேன். தூறல் தடித்தது. ஜன்னல் ஓரத்து அம்மா என்னைப் பார்த்து மறுபடி கையை நீட்டினார். பைக்கு இல்லை, குழந்தைக்கு. என் மகளை அதுவரை என் அம்மாவிடம் கொடுக்கும்போதுகூடக் கையைக் கழுவினாயா என்று கேட்டிருக்கிறேன். பேர் தெரியாத ஒருவரின் கைகளில் அவளை ஜன்னல் வழியே கொடுத்தேன். இரண்டாவது முறை யோசிக்கவில்லை. இரண்டு பைகளையும் தூக்கிக்கொண்டு படியேறினேன். உள்ளிருந்து அண்ணி கத்தினார்: "டிகிரிக்கும் ரெண்டு பை! போலாம் ரைட்!" கண்டக்டர் விசில் ஊதும் முன்பே டிரைவர் வண்டியை எடுத்துவிட்டார்.

பஸ் செஞ்சி போய்ச் சேர்வதற்குள் மழை கொட்டித் தீர்த்தது. ஷட்டரை இறக்கிவிட்டு, இருட்டான பஸ்ஸுக்குள் நெல்லின் வாசமும் ஈரத்துணியின் வாசமுமாக உட்கார்ந்திருந்தோம். டிரைவர் வண்டியை மண்டபத்தின் போர்டிகோவுக்கு நேராக, கிட்டத்தட்ட படியை ஒட்டி நிறுத்தினார். அது நிறுத்தம் இல்லை. யாரும் அதைச் சொல்லவில்லை. அந்நியப் பெண்களும் கூடவே இறங்கிப் பைகளைக் கூடத்துக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டு ஓடினார்கள். என் மகள் அந்த அம்மாவின் தோளில் தூங்கிப்போயிருந்தாள். அவர் பேரைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. இன்றைக்கும் அது ஒரு குறைதான்.

கடைசி மூட்டை மேசை மேல் ஏறியதும் அண்ணியின் போன் அடித்தது. அவர் வீட்டுக்காரர், வீடியோவில். அண்ணி போனைத் திருப்பி, கூடத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை மெதுவாகக் காட்டினார். அவர் பலமாகச் சிரித்தார். "இன்னாடி இது, கொடௌன் தொறந்துட்டியா? இங்க கெடங்கு காலியா கெடக்குது, உன் கெடங்கு ரொம்பிடுச்சே!" அண்ணி, "உன் கால் இருக்கற எடத்தப் பாத்துத்தான் கட்டுனேன்" என்றார். பிறகு போனை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, சிரித்தபடியே, நிறைய அழுதார்.

பிறகு நடந்தவை சுருக்கமானவை. மற்ற வீட்டுக்காரர்களும் கேட்டார்கள், மண்டபத்தின் மாப்பிள்ளை அறை வரைக்கும் சிங்கவரம் நெல் வந்து தங்கியது. எலிக்கு அண்ணி தன் வீட்டுப் பூனையையே கட்டைப் பையில் பஸ் ஏற்றிக் கொண்டுவந்தார். லாரிகள் ஓட ஆரம்பித்துக் கமிட்டியின் கேட் திறந்த அன்று, நிலத்துக்காரர் தன் பங்கைப் பார்க்க மண்டபத்துக்கே வந்தார். ஒரு மூட்டைக்குள் கையை முழங்கை வரை விட்டு, அடியிலிருந்து ஒரு நெல்லை எடுத்துக் கடித்தார். டக்கென்று சத்தம் கேட்டது. "நல்லாக் காய வச்சிருக்கற" என்றார். வாசல் வரை போனவர் திரும்பி, "சம்பாவுக்கு நாத்து எப்ப விடப்போற?" என்று கேட்டார். அண்ணி, "பாத்து சொல்றேன்" என்று பந்தியில் இரண்டாம் தடவை பாயசம் கேட்பவர்களுக்குச் சொல்லும் அதே தோரணையில் சொன்னார். அவர் போன பிறகு என்னைப் பிடித்து ஒரு சுற்று சுற்றினார். ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு முந்தின நாள், முதலாளி டார்ச் அடித்துக் கூடம் முழுக்கத் தேடினார். ஒரு நெல்கூடக் கிடைக்கவில்லை.

இப்போது அண்ணியின் வீட்டுக்காரர் ஊருக்கே வந்துவிட்டார். இருவரும் அவர் சொந்த ஊரான சீயமங்கலத்தில் குத்தகைக்கு எடுத்துப் பயிர் வைக்கிறார்கள். அங்கேயும் நெல் அண்ணியின் பேரில்தான். சண்டை நின்று, பங்க்கில் கட்டிய கயிறும் போய்விட்டது. என் மகள் எல்.கே.ஜி. போகிறாள். என் பயங்கள் போகவில்லை. ஆனால் பஸ் கூட்டத்தில் யாராவது அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டால், நான் இப்போதெல்லாம் கை கழுவச் சொல்வதில்லை.

அன்று பந்தியில் அண்ணி வந்து பக்கத்து நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். "இன்னா டிகிரி, இலையே இன்னும் போடல, அதுக்குள்ள இன்னாத்த உத்துப் பாக்கற?" நான் விரலால் காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார். அந்த நேரம் பார்த்து முதலாளி வரிசையோரமாக எல்லாரையும் விசாரித்துக்கொண்டு எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தார். நான் பதறி நகத்தால் நோண்டப் பார்த்தேன். அண்ணி என் கையைத் தட்டிவிட்டார்.

"விடு. அது நம்ம எடம்" என்றார் காதோடு.

காகிதச் சுருள் வந்தது. அண்ணி அதைத் தானே வாங்கி, உருட்டி, நெல்லின் மேல் விரித்து, உள்ளங்கையால் நீவிவிட்டார். முதலாளி வந்து, "சாப்டுங்கம்மா, நல்லா சாப்டுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அதன்மேல் என் மகளின் இலை விழுந்தது. அதில் சோறு விழுந்தது.